இறக்கைக்கு மட்டும் முலாம்

1

எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு என் கணவர் எனக்கு ஒரு வெள்ளிக் காசு பரிசளித்தார். ஒரே ஒரு நிபந்தனை: நான் அதைத் தொடக் கூடாது.

காஞ்சிபுரத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் விளக்கிவிடுகிறேன். நாங்கள் இருக்கும் கனடாவின் நாணயச் சாலை, கடையில் கொடுத்துப் பால் வாங்குகிற சில்லறையை மட்டும் அடிப்பதில்லை. யாரும் எதற்கும் செலவழிக்காத காசையும் அடிக்கிறது. சுத்த வெள்ளியில் அடித்து, நினைவு நாணயம் என்று பெயர் வைக்கிறது. கரடிக்கு ஒன்று, ரயில் பாதைக்கு ஒன்று, பனிமழைக்கு ஒன்று. அதிலும் இப்போது ஒரு வித்தை வந்திருக்கிறது. காசு முழுக்க வெள்ளியாக இருக்கும். ஏதாவது ஓரிடத்துக்கு மட்டும் தங்க முலாம் பூசியிருப்பார்கள். கரடி வெள்ளி, அதன் வாயிலிருக்கும் மீன் தங்கம். மான் வெள்ளி, கொம்பு தங்கம். "செலக்டிவ் கோல்டு பிளேட்டிங்" என்று இவர் உச்சரிக்கும்போது அர்ச்சனை செய்கிறவர் மாதிரி குரல் தழைந்துவிடும்.

"முழுசாப் பூச அவங்களுக்குத் தங்கம் பத்தலையா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ரசனை வேணும் வசந்தா" என்றார்.

இவர் பெயர் ஏகாம்பரம். அலுவலகத்தில் 'ஏக்' என்று சுருக்கிவிட்டார்கள். சாஸ்கட்டூன் என்ற ஊரில் நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவர். ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் யாருக்கும் 'சாஸ்கட்டூன்' வாயில் நுழையாததால் எல்லோரும் எங்களை டொரண்டோவில் குடிவைத்திருக்கிறார்கள். திருத்திப் பார்த்தோம். முடியவில்லை.

இவர் பிறந்தது பிள்ளையார்பாளையம். வீட்டில் எந்நேரமும் தறிச் சத்தம். ஜரிகை என்பதே வெள்ளிக் கம்பிக்குத் தங்க முலாம் பூசியதுதான் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஜரிகைத் துணுக்கு சட்டையில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பையன், 'இந்த வேலையே வேணாம்' என்று படித்து, பாஸ்போர்ட் எடுத்து, விசாவுக்கு அலைந்து, கடல் கடந்து வந்து, கடைசியில் கிரெடிட் கார்டில் என்ன வாங்குகிறார் பாருங்கள்: வெள்ளிக்கு மேல் தங்க முலாம்.

காசுகளுக்கு வீட்டில் தனி அறை உண்டு. எங்கள் பெண் நித்யா வேலைக்காக வான்கூவர் போனதும் அவள் கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டு, அவள் துணி அலமாரியில் காசுகளைக் குடியேற்றினார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தால் பெற்ற பெண் ஹால் சோபாவில் படுக்கிறாள். காசுகள் ஈரப்பதம் சரிபார்க்கப்பட்ட அறையில் தூங்குகின்றன.

கல்யாண நாள் காசில் இரண்டு அன்னங்கள் கழுத்தோடு கழுத்து வளைத்து நின்றன. கழுத்துக்கு மட்டும் முலாம். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆசையில், அதை மூடியிருந்த பிளாஸ்டிக் கூட்டைத் திறந்து, ஒரு அன்னத்தின் கழுத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டேன்.

"ஐயையோ!" என்றார். அடுப்பில் கை வைத்துவிட்டேன் என்று நானே பயந்துவிட்டேன். காசைப் பிடுங்கி விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். என் ரேகை அப்பட்டமாக விழுந்திருந்தது.

"போச்சு" என்றார்.

முப்பது வருஷத்தில் நான் கார் இடித்திருக்கிறேன், அவர் அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறேன், ஒரு தடவை வருமான வரிக் காகிதத்தைக் குப்பையில் போட்டிருக்கிறேன். எதற்கும் முகம் சுளிக்காத மனிதர், அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

2

அந்த வாரம்தான் என் தங்கை குமுதா செவிலிமேட்டிலிருந்து கூப்பிட்டாள். அவள் மகள் பவித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு ஐயம்பேட்டை. கல்யாண விஷயம் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் எடுத்ததுமே இவரைப் பற்றிக் கேட்டாள்.

"அக்கா, மாமாவுக்கு ஒடம்பு நல்லாத்தானே இருக்குது?"

"நல்லாத்தான் இருக்காரு. ஏன்டி?"

"வூட்ல எதுனா கஷ்டமா? எங்கிட்ட மறைக்காதே. நாங்க இங்க இல்லியா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வந்தது. பவித்ராவும் நித்யாவும் வீடியோவில் பேசிக்கொள்வார்கள். அப்படிப் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். "உங்க அப்பா ரிட்டையர் ஆயிட்டு என்ன பண்றாரும்மா?" என்று மரியாதைக்குக் கேட்டிருக்கிறார்கள். நித்யாவுக்குத் தமிழ் பேச வரும். யோசித்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசுவாள். 'கலெக்ட்' என்பதற்குத் தமிழ் தேடியிருக்கிறாள். சின்ன வயதில் நான் "பொம்மையெல்லாம் பொறுக்கி வை" என்று கத்தியது ஞாபகம் வந்திருக்கிறது.

"அப்பா காசு பொறுக்குறாரு" என்று சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் முகம் மாறியதைப் பார்த்து, சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று, "தினமும் பொறுக்குறாரு. அம்மாவுக்குப் பிடிக்காது" என்று விளக்கமும் கொடுத்திருக்கிறாள்.

பவித்ரா அவசரமாகத் திருத்தியிருக்கிறாள். ஆனால் திருத்தம் செவிலிமேட்டைத் தாண்டவில்லை. பொறுக்குறது மட்டும் ஐயம்பேட்டை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறி ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

நான் சிரித்தேன். போனை வைத்துவிட்டும் சிரித்தேன். நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். மறுநாள் அங்கே ஒரு பாட்டிக்குத் தலை வாரிவிடும்போதுகூட நினைத்துச் சிரித்தேன். இவரிடம் மட்டும் அப்படியே சொல்லவில்லை. "உங்க பொழைப்பப் பத்தி ஊர்ல ஏதோ கொறச்சலாப் பேசிக்கிறாங்களாம்" என்று பட்டும் படாமல் சொன்னேன்.

அவ்வளவு சொன்னதே போதுமாக இருந்தது. முகம் சிவந்து, நேராகக் காசு அறைக்குள் போனார். வெளியே வரும்போது கையில் ஒரு பெட்டி.

"மாப்பிள்ளைக்கு இதைக் குடுக்கப் போறேன். ஏகாம்பரம் யாருன்னு தெரியட்டும்" என்றார்.

அலமாரியில் இருந்ததிலேயே அவர் பெரிதாக மதித்த காசு அது. ஏரியில் மிதக்கும் ஒரு நீர்ப்பறவை, சிறகை விரித்து எழுகிறது. இறக்கைக்கு மட்டும் முலாம். அதைப் படம் பிடித்து அன்றைக்கே குமுதாவுக்கு அனுப்பினார்.

3

நித்யாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. "வீடியோல பாத்துக்கறேன்மா" என்றாள். அவளும் நானும் இதைப் பற்றிச் சண்டை போட்டோம். அவள் ஆங்கிலத்தில் போட்டாள், நான் தமிழில் போட்டேன். இரண்டு பேரும் தோற்றோம். இவரும் நானும் மட்டும் கிளம்பினோம்.

சென்னையில் இறங்கியதும் எல்லோரும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு, சுங்கத்தில் காட்ட ஒன்றும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்தார்கள். இவர் மட்டும் சிவப்பு வழிக்குப் போனார். சட்டத்தை மதிக்கிறவர். யாரும் வராத மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சுங்க அதிகாரி எங்களைப் பார்த்து நிமிர்ந்தார்.

"டிக்ளேர் பண்ணணுமா சார்? நீங்களாவா வந்தீங்க?"

"ஆமாங்க. காசு."

"எவ்வளவு காசு?"

"ஒண்ணு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். இவர் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது பணமா, நகையா?"

"பணம்தாங்க. இருபது டாலர்னு போட்டிருக்கு பாருங்க. ஆனா யாரும் இதை இருபது டாலருக்குச் செலவு பண்ண மாட்டாங்க."

"ஏன் சார்?"

"வாங்கறப்பவே அதைவிட ஜாஸ்தி."

அதிகாரி பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். "இதுல தங்கம் எவ்வளவு?" என்று இரண்டாமவர் கேட்டார்.

"இறக்கை மட்டும்."

"எடை கேக்கறேன் சார்."

"எடைன்னு சொல்ல முடியாதுங்க. ஒரு படலம். மூச்சு மாதிரி."

"மூச்சுன்னு எழுத இங்க எடம் இல்லையே சார். சரி, தொறங்க."

இவர் சட்டைப் பையில் கையை விட்டார். வெள்ளைப் பருத்திக் கையுறை ஜோடி ஒன்றை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டார். இன்னொரு ஜோடியை அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி கையுறையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு வெகுநேரம் என்னைப் பார்த்தார். நான் மேலே சுழன்ற விசிறியைப் பார்த்தேன்.

"அம்மா" என்றார், குரலில் அவ்வளவு பரிவு. "நீங்க சாரை பத்திரமா கூட்டிக்கிட்டுப் போங்க."

வெளியே வந்ததும் இவர் சொன்னார்: "பாத்தியா, எவ்வளவு மரியாதையா நடத்தினாங்க."

4

செவிலிமேட்டில் குமுதாவின் புது வீடு பாலாற்றுப் பக்கம் பார்த்த மாதிரி இருக்கிறது. முன்னறையில் அவள் புருஷன் தறி போட்டிருக்கிறார். மாடியில் பவித்ராவுக்கு ஒரு அறை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். வாய் மட்டும் எந்தக் கட்டுப்பாட்டிலும் இல்லை.

நான் காபி டம்ளரை எடுப்பதற்குள் குமுதா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்னா?"

"மாமா போட்டோ அனுப்புனாருல்ல, அந்தக் காசு. அதை மாப்ள வூட்டுக்குக் காட்டினேன். தங்கக் காசுன்னு சொல்லிட்டேன்."

"இறக்கை மட்டும்தான்டி மஞ்சள்!"

"போட்டோல இறக்கைதான்க்கா பெருசா தெரிஞ்சுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க ஒண்ணும் கேக்கல. பொறுக்குறாரு பொறுக்குறாருன்னு நாலு பேரு பேசிக்கினு இருந்தாங்க. எனக்குத் தாங்கல. எங்க மாமா தங்கக் காசு கொண்டாறாருன்னு வாய்ல வந்துட்டுது."

"யார் கிட்ட சொன்னே?"

"டீச்சர் கிட்ட."

மாப்பிள்ளை தினேஷின் அப்பாவுக்கு அக்கா அந்த டீச்சர். பெயர் சரோஜா. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். ஐயம்பேட்டையில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். அந்தக் குடும்பத்தில் அவர் தலையசைக்காமல் பால்கூடப் பொங்காது.

"டீச்சர் என்னா சொன்னாங்க?"

"'கொண்டாரட்டும், பாக்கலாம்'னாங்க."

மாடிப்படியில் இறங்கி வந்த பவித்ரா, "வெள்ளின்னு ஒரு போன் போட்டுச் சொன்னா முடிஞ்சு போச்சு. இதுக்கு ஒரு மீட்டிங்கா?" என்றாள்.

"நீ சும்மா இரு, கல்யாணப் பொண்ணு" என்று குமுதா அடக்கினாள். என்னிடம் திரும்பி, "ஏன்க்கா, மாமாதான் யாரையும் அதைத் தொறக்க வுட மாட்டாரே? பொட்டியோட தட்டுல வெச்சி, பொட்டியோட குடுத்துட்டா? தொடாம யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் கணவரின் கிறுக்கு எனக்கு உபயோகமாகத் தெரிந்தது. சரி என்றேன். அவரிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்றும் முடிவு செய்தோம். சொன்னால் அவர் ஐயம்பேட்டைக்கே போய், மூச்சு மாதிரி ஒரு படலம் என்று விளக்கம் கொடுப்பார்.

5

கல்யாணத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம், மண்டபத்தில் தாம்பூலம் மாற்றும் நேரம். சமுக்காளத்தில் தட்டுகள் வரிசையாக இருந்தன. பழம், தேங்காய், மஞ்சள், மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, நடுத்தட்டில் வெற்றிலைமேல் அந்தப் பெட்டி. பக்கத்தில் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் வெள்ளைக் கையுறையோடு என் கணவர் நின்றார். சமையல்காரர் ஒருவர் வந்து, "பேண்டு செட்டுக்கு எல்லாம் பந்தி அந்தப் பக்கம்பா" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சரோஜா டீச்சர் வந்தார். அரக்கு நிறப் பட்டு, அகலக் கரை, முந்தானை முழுக்க ஜரிகை. ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் நடுத்தட்டில் நின்றார்.

"ஏம்மா குமுதா, தங்கக் காசுன்னியே. இதுதானா?"

"ஆமாங்க டீச்சர்" என்ற குமுதாவின் குரல் எனக்கே கேட்கவில்லை.

இவர் பெருமையாகப் பெட்டியைத் திறந்து காட்டினார். காசு பிளாஸ்டிக் கூட்டுக்குள் மின்னியது.

"உள்ள இருக்கிற மூடியையும் தொறங்க. கையில எடுத்துப் பாக்கணும்" என்றார் டீச்சர்.

"அது மட்டும் வேணாங்க டீச்சர். காத்து பட்டா கறுத்துடும்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டார். "காத்து பட்டா கறுக்குற தங்கத்தை நானு இப்பத்தான்பா கேள்விப்படறேன்."

"தங்கமா? யாருங்க சொன்னது?" என்றார் இவர். முகத்தில் துளி கள்ளமில்லை. "சுத்த வெள்ளிங்க. இறக்கைக்கு மட்டும்தான் முலாம்."

முலாம் என்ற சொல் முதல் வரிசை நாற்காலியில் புறப்பட்டுக் கடைசி வரிசை வரைக்கும் போனது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து குமுதாவிடம் வந்தார். நல்ல மனிதர், அதனால்தான் அவர் கேட்டது இன்னும் வலித்தது.

"நாங்க தங்கம் வேணும்னு கேக்கவே இல்லியே சம்மந்தி. அப்புறம் எதுக்கு இந்த மாதிரி..." என்று நிறுத்தினார். பின்னாலிருந்து யாரோ, "டொரண்டோவுல காசு பொறுக்கினு இருக்காருன்னாங்களே, அவருதானா இவரு?" என்றார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

குமுதா தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மணப்பெண் அறைக் கதவு திறந்தது. பாதித் தலை பின்னி, பாதி விரித்தபடி பவித்ரா எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், ஒரு நிமிஷம். நீங்க கட்டியிருக்கிறீங்களே பொடவை, அந்த ஜரிகையும் அதேதானே? உள்ள வெள்ளி, மேல முலாம். அதை யாருனா தங்கமான்னு ஒரசிப் பாத்தாங்களா?"

நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கல்யாணம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளை தினேஷ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியதைப் பார்த்தால் அழுகையாகத் தெரியவில்லை.

டீச்சர் கோபப்படவில்லை. முந்தானையை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அதேதாம்மா" என்றார். "ஆனா என் பொடவையத் தொடாதேன்னு நானு யாரையும் சொல்லலியே."

டீச்சர் முந்தானையை விட்டுவிட்டு, கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

நான் இவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் செய்ய மாட்டேன். பவித்ராவின் தோளில் இருந்த ஊக்கைக் கழற்றி, கூட்டின் விளிம்பில் நுழைத்து நெம்பினேன். பட்டென்று திறந்தது. இவர் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. காசை எடுத்து டீச்சர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் புரட்டினார், கனம் பார்த்தார், இறக்கையைக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்தார்.

"வாத்தா?"

"இல்லைங்க, 'லூன்'னு ஒரு நீர்ப்பறவை" என்றார் இவர், பலவீனமாக.

"வாத்துதான். நல்லா இருக்குது." குமுதா பக்கம் திரும்பினார். "வெள்ளின்னு சொல்லியே குடுத்திருக்கலாமே. வெள்ளிக்கு என்னா கொறச்சலு? ஏம்மா தங்கம்னே?"

குமுதா அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். "எங்க மாமா காசு பொறுக்குறாருன்னு ஊரே சிரிக்குதுங்க டீச்சர். அவரு கலெக்சன் பண்றாரு. நித்யாவுக்குத் தமிழ் சரியா வராம அப்டி சொல்லிட்டுது. அவங்க வாயை அடைக்கத்தான் நானு தங்கம்னேன்."

இவருக்கு அப்போதுதான் முழு விஷயமும் தெரிந்தது. "நானா? பொறுக்குறனா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையுறை போட்ட இரண்டு கையும் மடியில் கிடந்தன. முப்பது வருஷமாக நான் இவரைக் கிண்டல் செய்து வருகிறேன். இந்தக் குறிப்பிலேயே எவ்வளவு செய்திருக்கிறேன் பாருங்கள். அது என் பாத்தியதை. பின்வரிசையில் முகம் தெரியாத ஒருத்தருக்கு அதில் பங்கு கொடுக்க எனக்கு மனசில்லை.

"பொறுக்கலைங்க" என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "வாங்கறாரு. வேலை பாத்துச் சேத்த காசுல வாங்கறாரு. போதலைன்னா என் சம்பளத்துலயும் வாங்கறாரு. வயித்தெரிச்சல் படறதா இருந்தா நானு மட்டும்தான் படணும்."

முதலில் சிரித்தது டீச்சர்தான். அதன்பிறகு மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. டீச்சர் இவர் முன்னால் வந்து காசை நீட்டினார்.

"எழுந்திருங்க. நீங்களே மாப்ள கையில குடுங்க. வெள்ளின்னு சொல்லிக் குடுங்க."

இவர் எழுந்தார். ஒரு கணம் யோசித்து, கையுறை இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் திணித்தார். வெறுங்கையால் காசை வாங்கி, தினேஷ் கையில் வைத்து, "வெள்ளி மாப்ள" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். தினேஷ் தன் அம்மாவிடம் காசைக் கொடுத்தான், அம்மா பக்கத்தில் கொடுத்தார், அது கைமாறிக் கைமாறி வரிசை வரிசையாகப் போனது. சந்தனக் கை, குங்குமக் கை, வடை தின்ற கை. இவர் தடுக்கவில்லை. ஆனால் கூடவே போனார். ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து, எத்தனை காசு அடித்தார்கள், முலாம் எப்படி அந்த ஓரிடத்தில் மட்டும் ஏறுகிறது, அது ஏன் வாத்து இல்லை என்று விளக்கினார். பொறுக்கினு இருக்காரு என்று சொன்ன ஆளிடம் மட்டும் கூடுதல் நேரம் நின்றார். அந்த மனிதருக்குக் கடைசிப் பந்திதான் கிடைத்தது.

6

கல்யாணம் நன்றாக நடந்தது. நாங்கள் சாஸ்கட்டூன் திரும்பினோம். இவர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். திரும்பிய வாரமே கூரியர்காரன் கதவைத் தட்டினான். நரி வெள்ளி, வால் தங்கம்.

நித்யாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"பொறுக்கறதுன்னா அவ்வளவு மோசமாம்மா? அப்ப என்ன சொல்லணும்?"

"சேக்கறாருன்னு சொல்லணும்."

"சேக்கறதுன்னா ஸ்கூல்ல சேக்கறதுதானே?"

"அதுவும்தான்."

"என்னம்மா மொழி இது" என்றாள். ஆனால் அன்றைக்கே அப்பாவைக் கூப்பிட்டு, நான் ஹாலில் இருப்பது தெரியாமல், "சாரிப்பா" என்று தமிழ் ஆங்கிலம் இரண்டிலும் சேராத அந்த வார்த்தையைச் சொல்லி அழுதிருக்கிறாள். இவர் "பரவால்ல கண்ணு, பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே காசு அறைக்குள் உலாவிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் ஒரு மடக்குக் கட்டில் வாங்கி வந்து, அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவில் விரித்துப் போட்டுப் பார்த்தார். கால் நீட்ட இடம் இருக்கிறது என்றார். பார்க்கலாம், அவள் வரட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பவித்ரா ஒரு படம் அனுப்பினாள். புகுந்த வீட்டு மாடியில் நின்று சிரிக்கிறாள். கழுத்தில் சங்கிலி. சங்கிலியில் அந்தக் காசு தொங்குகிறது. டீச்சர் அவளைக் கூட்டிக்கொண்டு காந்தி ரோட்டுப் பக்கம் போய், பத்தரிடம் கொடுத்து, காசின் தலையில் ஒரு வளையம் பற்றவைத்து வாங்கியிருக்கிறார். 'டாலர் எப்பிடி இருக்குது பெரியம்மா?' என்று கீழே எழுதியிருந்தாள். இருபது டாலரை நம் ஊர்க்காரர்கள் ஒரே டாலராக்கிவிட்டார்கள்.

இவரிடம் காட்டுவதா வேண்டாமா என்று தயங்கி, காட்டினேன். இவர் படத்தைப் பெரிதாக்கினார். பற்றவைத்த இடத்தில் கறுத்திருந்ததை வெகுநேரம் பார்த்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"கழுத்துல போட்டா திரும்பித் திரும்பி விழும். எந்தப் பக்கம் வெளிய தெரியற மாதிரி வளையம் வெச்சிருக்காங்கன்னு கேளு" என்றார். கனடாவின் காசில் ஒரு பக்கம் படம் என்றால், மறுபக்கம் இங்கிலாந்து ராஜாவின் தலை இருக்கும்.

கேட்டு எழுதினேன். பதில் எழுத்தில் வரவில்லை, குரலில் வந்தது. பவித்ராவின் குரல் இல்லை, டீச்சருடையது.

"வாத்துப் பக்கம்தான்மா வெளிய. ராஜாவுக்கு எங்க வூட்டுப் பொண்ணு கழுத்துல என்னா வேலை? அவரு உள்பக்கம் பாத்துக்கினு, வாயை மூடிக்கினு கெடக்கட்டும்."

இவர் அதை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.